மகள்களை எண்ணாத கணக்கு

மட்டக்களப்பு வாவிக் கரையில் வீடு யாருடையது, யாருக்குத் தேவை?

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு உரியது. தமிழர் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் வழக்கம் இதுதான். பெண் பிள்ளை பிறந்த அன்றே பெற்றோருக்கு வீட்டு யோசனை தொடங்கிவிடும். கலியாணப் பேச்சு வரும்போது நகைக்கும் ரொக்கத்துக்கும் முன்னால் வீடும் வளவும் பேசப்படும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். மூத்த மகளுக்குத் தாங்கள் இருந்த கல்வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் மிச்சப் பிள்ளைகளோடு பின்வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். அந்தக் கொட்டில் காலப்போக்கில் கல்வீடாகும். அது அடுத்தவளுக்குப் போகும். பெற்றோர் மறுபடியும் ஒதுங்குவார்கள்.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இந்த வாவியின் இரு கரையிலும் ஊர்கள் இப்படித்தான் வளர்ந்தன. கடலுக்கும் வாவிக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் மணல் நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. எந்தக் கரைக்குப் போனாலும் ஒரு வளவுக்குள் அக்கா வீடு, தங்கச்சி வீடு, பொதுவாக ஒரு கிணறு, ஓரத்தில் அம்மாவின் குசினி என்ற அமைப்பைக் காணலாம். வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. ஆண்கள் இன்னொரு வளவிலிருந்து வந்து சேர்பவர்கள்.

இந்த வளவுக்குள் ஒருவர் வீட்டுத் தேவைப் படிவத்தோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கல்வீடு ஒன்று, கொட்டில் ஒன்று, குடும்பம் இரண்டு என்று பதிகிறார். நிரந்தர வீடு இல்லாத குடும்பம் ஒன்று. ஆகவே தேவை ஒரு வீடு. படிவம் நிரம்பிவிட்டது. கொட்டிலுக்குள் 19 வயதிலும் 16 வயதிலும் 11 வயதிலும் மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையில் கரைந்துபோகிறது. அந்த வளவின் உண்மையான தேவை பத்து ஆண்டுக்குள் மூன்று வீடு. அதுவும் அதே மண்ணில் அல்லது கூப்பிடு தூரத்தில். இதை எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது.

கிழக்கில் 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகும், போர் இடைவெளிகளிலும், 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் வீட்டுத் திட்டங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. கணக்கெடுப்புகளில் நேர்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. வெயிலில் அலைந்து பதிவெடுத்த கிராம சேவகர்களையும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் இந்த மாவட்டம் அறியும். ஆனால் அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட படிவம் இந்த மண்ணில் வீடு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தவர்கள் எழுதியது அல்ல. அது உடைந்த வீட்டை எண்ணுகிறது. வேண்டிய வீட்டை எண்ணுவதில்லை.

நாவலடியும் திராய்மடுவும்

இதற்குச் சுனாமி அளவுக்குத் தெளிவான சாட்சி வேறில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் நாவலடி, கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடிப் பக்கம், கல்லாறு, வடக்கே வாகரை என எழுவான்கரை முழுதும் அடிபட்டது. இலங்கை முழுவதிலும் 35,000 பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகள் அழிந்தன அல்லது சேதமாயின. அடுத்த சில வாரங்களிலேயே அரசாங்கம் கரையோரத்தில் வீடு கட்டத் தடை போட்டது: தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். கிழக்குக்கு இரட்டிப்பு ஏன் என்ற கேள்விக்கு ஊர்மக்களுக்கு நம்பும்படியான பதில் கிடைக்கவில்லை. வரைபடத்தில் 200 மீற்றர் சின்னக் கோடு. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் நெருக்கும் நாவலடி போன்ற ஒடுங்கிய மணல் ஊருக்கு அது ஊரே இல்லை என்று எழுதுவதற்குச் சமம். பின்னர் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் இடமாற்றம் நடந்து முடிந்துவிட்டது.

நாவலடி மக்களில் பெரும்பகுதியினர் வாவிக்கு அப்பால், நகரத்துக்கு வடக்கே திராய்மடுவில் குடியேற்றப்பட்டனர். பல தொண்டு நிறுவனங்கள் பல வடிவத்தில் அங்கே வீடு கட்டின. ஆகக் குறைந்தது 500 சதுர அடி என்று அரசாங்கம் அளவு வைத்திருந்தது. ஒரு வீட்டை இழந்தவருக்கு ஒரு வீடு என்பது விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலோரத்தில் ஒரே கூரைக்குக் கீழே தாயும், கலியாணம் முடித்த மகளும், கலியாணத்துக்குக் காத்திருந்த மகளும் இருந்திருந்தால், அலை அந்த மூன்று பேரின் வீட்டையும் கொண்டுபோனது. கிடைத்தது ஒன்று. கடலோர வளவில் இன்னும் இரண்டு வீட்டுக்கு மண் இருந்தது. திராய்மடுவில் அளந்து கொடுத்த துண்டுக் காணியில் அந்த இடமும் இல்லை. சீதனத்துக்காகச் சேர்த்து வைத்த நகையும் போய், கட்டுவதற்கு மண்ணும் போனபின், இளைய மகளின் கலியாணம் எங்கே நிற்கும்?

மீனவருக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. வலை உலர்த்தவும் தோணியைக் கண்ணெதிரில் கட்டிவைக்கவும் கரை வேண்டும். வீடு உள்நாட்டிலும் தொழில் கடற்கரையிலும் என்றானபோது கரையில் வாடி போட்டுத் தங்கும் நாள்கள் கூடின. சில வருடங்கள் கழித்து மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் பூட்டிக்கிடந்த வீடுகளைக் கண்டார்கள். ஆள் இல்லாத வீடு என்றால் தேவை இல்லாத வீடு என்று எழுதுவது சுலபம். அந்தப் பூட்டுக்குப் பின்னால் கரையில் வாடியில் கிடக்கும் தகப்பன் இருக்கலாம், மகளின் கலியாணத்துக்கென்று பெற்றோர் காத்துவைத்த சீதன வீடு இருக்கலாம். சாவி யாரிடம், ஏன் என்று கேட்டால் தெரிந்துவிடும்.

கிழக்கிலங்கைச் சமூகத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, பற்றீசியா லோறன்சுடன் சேர்ந்து சுனாமி வீடுகளையும் சீதனத்தையும் பற்றி எழுதிய கட்டுரை 2010இல் வெளியானது. நிவாரண வீட்டை மகளின் சீதனமாக்கிவிடக் குடும்பங்கள் எத்தனை வழியில் முயன்றன என்பதை அது காட்டுகிறது. அந்த முயற்சிகளை அலுவலகங்கள் பொதுவாகச் சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தன. ஒரே குடும்பம் இரண்டு பேராகப் பதிகிறது, மகளைத் தனிக் குடும்பமாகக் காட்டுகிறது, ஒரு வீடு கிடைத்தபின் இன்னொன்றுக்கு விண்ணப்பிக்கிறது என்றெல்லாம் முறைப்பாடு. பட்டியலில் பேர் வரவேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு ஊரே ஒரே மாதிரி விதியை வளைக்கிறது என்றால், விதி எதையோ காணத் தவறியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்தக் குடும்பங்கள் தங்கள் தேவையைத் தங்களுக்குத் தெரிந்த வழியில் எழுதிக் காட்டின. மறுக்கப்பட்ட விண்ணப்பங்களை யாராவது ஒன்றாகச் சேர்த்து வாசித்திருந்தால், அதுவே நேர்மையான தேவை மதிப்பீடாக இருந்திருக்கும்.

உறுதி யார் பேரில்?

வீடு கிடைத்தது ஒரு பக்கம். அது யார் பேரில் கிடைத்தது என்பது அதைவிடப் பெரிய விசயம்.

இலங்கை நிர்வாகத்துக்குக் குடும்பத் தலைவர் என்று ஒருவர் வேண்டும். கணவன் உயிரோடிருந்தால் அவர்தான் தலைவர். அலை அடித்துக்கொண்டு போனது மனைவியின் சீதன வீடு. நிவாரணமாக வந்ததோ கணவன் பேரில் ஒரு வீடு. தாய்வழியாக நாலைந்து தலைமுறை வந்த உரிமை ஒரு கையெழுத்தில் இடம் மாறிவிட்டது. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால் முதல் தாரத்துப் பெண் பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் என்ன பங்கு? கணவன் குடித்து அடித்தால் வெளியே போகவேண்டியவர் யார்? முன்பு விடை தெளிவு, அவர்தான் போகவேண்டும், வீடு அவளுடையது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புகள் இதை அப்போதே எழுப்பின. இருவர் பேரிலும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டன. அரச காணியை அப்படி எழுதச் சட்டத்தில் இடமில்லை என்பதே பொதுவாகக் கிடைத்த பதில்.

இந்தச் சிக்கல் சுனாமியோடு வந்ததல்ல. படுவான்கரையின் குடியேற்றக் கிராமங்களில் பெருமளவு மண் அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிற்றாகவும் அளிப்பாகவும் கொடுக்கப்பட்டவை. பேர்மிற் காணியை விருப்பம்போல் துண்டாட முடியாது. உரித்து மாற்ற பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். உரித்தாளர் பேர் எழுதாமல் பேர்மிற்காரர் இறந்தால், அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண் வாரிசுகளையே முன்னுக்கு வைத்தது. மகளுக்கு வீடு கொடுக்கும் சமூகத்தில் மகனுக்குக் காணி கொடுக்கும் சட்டம்! 87 வருடம் அது அப்படியே இருந்து, 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்கு முன் சனம் என்ன செய்தது? நாலு பெரியவர் முன்னிலையில் வாய்ப்பேச்சாகக் கொடுத்தார்கள். வேலி போட்டுப் பிரித்தார்கள். பேர்மிற் இன்னும் இறந்துபோன தாத்தாவின் பேரிலேயே பெட்டிக்குள் கிடக்கிறது. வீட்டு மானியம் வரும்போது காணிக் காகிதம் எங்கே என்று கேட்கிறார்கள். காகிதம் இல்லாதவளுக்குக் காணி இல்லை, காணி இல்லாதவளுக்கு வீடு இல்லை.

சட்டத்துக்கும் வழக்கத்துக்கும் இந்த மாவட்டத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் மட்டக்களப்புக்கென்று முக்குவர் சட்டம் இருந்தது. சொத்து தாய்வழியில் முதுசமாக இறங்கியது. 1876இல் வந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதை ஒதுக்கியது. அதே ஆண்டில்தான் பிரிட்டோ என்பவர் முக்குவர் சட்டத்தை நூலாகத் தொகுத்து வெளியிட்டார். சட்டம் போனாலும் வழக்கம் போகவில்லை. முதுசம் சீதனமாக உருமாறி நிலைத்தது.

சீதனத்தைப் புகழ்ந்து பாட நான் எழுதவில்லை. பெண் பேரில் வீடு இருப்பதாலேயே பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடாது என்பதைக் கிழக்கின் பெண் தலைமைக் குடும்பங்களை ஆய்ந்த கஞ்சனா ருவன்புர 2006இல் வெளியான தன் நூலில் விரிவாக நிறுவியிருக்கிறார். மகளுக்கு வீடு கட்டுவதற்காகத் தாய் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டுவேலைக்குப் போகிறாள். அண்ணன் தன் கலியாணத்தைத் தள்ளிவைத்துக் கத்தாரில் வேலை செய்கிறான். வீடு முடியாததால் வயது ஏறிக்கொண்டே போகும் பெண்கள் எந்த ஊரிலும் உண்டு. “மூத்தவளுக்குக் குடுத்தாச்சு, மறுகா இளையவளுக்கு எங்க போறது?” என்ற பெருமூச்சை மட்டக்களப்பில் கேட்காத தெரு இல்லை. ஆனாலும் போர்க்காலத்தில் ஆண்கள் கொல்லப்பட்டும் கடத்தப்பட்டும் போனபோது, விதவைகள் யாருடைய வாசலிலும் போய் நிற்கவேண்டி வராமல் காத்தது தாயும் அக்காளும் தங்கச்சியும் சூழ இருந்த அந்தச் சொந்த வளவுதான். வழக்கத்தை மாற்றவேண்டுமென்றால் பேசி மாற்றுவோம். ஒரு படிவம் கேட்காமல் கொள்ளாமல் பிடுங்கிக்கொள்வதை ஏற்க முடியாது.

பேர்ச்சஸ் கணக்கு

எழுவான்கரையில் பிரச்சினை மண்ணின் அளவு. காத்தான்குடி இலங்கையிலேயே ஆக நெருக்கமான ஊர்களில் ஒன்று. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் சில சதுர கிலோமீற்றருக்குள் 40,000 பேர். ஒரு பேர்ச்சஸ் என்பது 272 சதுர அடி. நகர அபிவிருத்தி அதிகார சபையின் பொது விதிப்படி வீட்டுத் துண்டு ஆகக் குறைந்தது 6 பேர்ச்சஸ் இருக்கவேண்டும். 10 பேர்ச்சஸ் வளவும் இரண்டு மகள்களும் உள்ள தாய் என்ன செய்வாள்? ஐந்தைந்தாகப் பிரித்தால் விதிக்குள் அடங்காது. பிரிபடாத பங்காக எழுதினால் வங்கிக் கடனுக்கு அந்த உறுதி உதவாது. ஆகவே வீடு மேலே எழும்புகிறது. கீழே அக்கா, மேலே தங்கச்சி. மொட்டைமாடியில் கம்பிகளை நீட்டி விட்டிருந்தால் இன்னும் ஒரு மகள் இருக்கிறாள் என்று பொருள்.

1990ஆம் ஆண்டின் போர்க்காலக் கொடூரங்களுக்குப் பிறகு படுவான்கரையில் காணி வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் ஒதுங்கின. தமிழ்க் குடும்பங்களும் எல்லையோரக் கிராமங்களைவிட்டு ஓடின. இன்றைய கணக்கெடுப்பு அவர்களை இருக்கும் இடத்தில் எண்ணுகிறது. ஒரு தமிழ்க் குடும்பமோ முஸ்லிம் குடும்பமோ எங்கே இருக்க விரும்புகிறது, எந்த மண்ணில் உரிமை வைத்திருக்கிறது என்று கேட்பது கிளறிவிடும் கேள்வி என்று எல்லோரும் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கேட்காமல் விட்டதால் அது ஆறிவிடவில்லை. காத்தான்குடியின் நெரிசலுக்கும் அருகிலுள்ள தமிழ் ஊர்களுடனான காணிச் சண்டைகளுக்கும் வேர் அங்கேயும் இருக்கிறது.

நெருக்கம் தண்ணீரையும் தொடுகிறது. எழுவான்கரை மணலுக்கடியில் நல்ல தண்ணீர் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடி விடவேண்டும் என்பார்கள். ஒரு வளவில் மூன்றாவது வீடு எழும்பும்போது அந்த 50 அடி எங்கிருந்து வரும்? வீட்டுத் தேவை என்று எழுதும்போதே குழாய்த் தண்ணீரும் கழிவும் கூட எழுதப்பட வேண்டும். நம் அலுவலகங்களில் அவை மூன்று வேறு கோப்புகள்.

படுவான்கரைச் சுவர்கள்

படுவான்கரையில் மண் இருக்கிறது. அங்கே வேறு கதை. வடகீழ்ப் பருவம் இறங்கி, உன்னிச்சையும் நவகிரியும் நிரம்பி வான்கதவு திறந்தால் வெள்ளம் வயலோடு நிற்பதில்லை. வாவி ஏறும். கடல்வாயில் மணல் அடைத்திருந்தால் முகத்துவாரத்தை வெட்டு என்று ஊர் கேட்கும். மீனவர் பொறு என்பார்கள். கச்சேரியில் கூட்டம் நடக்கும். 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. மண்சுவர்கள் கரைந்து, கதவு நிலை மட்டும் நின்ற வீடுகள் அப்போது ஏராளம். ஒவ்வொரு மாரியிலும் பாடசாலைகள் முகாமாகின்றன. எந்தக் குடும்பம் வந்தது, எத்தனை நாள் தங்கியது என்ற பட்டியல் அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடம் இருக்கிறது. வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் வீடமைப்பு அதிகார சபையிடம். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தாலே யாருக்கு முதலில் வீடு, எந்த வீட்டுக்கு அத்திவாரம் எவ்வளவு உயரவேண்டும் என்பது துலங்கும். கணக்கெடுப்போ பெரும்பாலும் ஓகஸ்ட் வெயிலில் நடக்கிறது. அப்போது எல்லா நிலமும் காய்ந்த நிலம்தான். ஆனாலும் சுவரில் நீர் நின்ற கறை இருக்கும். குனிந்து பார்த்தால் தெரியும்.

நெல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். வெல்லாவெளி, வவுணதீவு, கிரான், செங்கலடிப் பகுதிகளில் அறுவடை முடிந்தால் நெல் மூட்டை வீட்டுக்குள்தான் வரும். 500 சதுர அடி வீட்டில் ஒரு அறையை நெல் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் படுப்பது திண்ணையில். நெல் மணத்துக்கு யானை வரும். சுவரை இடித்து மூட்டையை இழுக்கும். ஆள் படுத்திருந்த பக்கம் சுவர் விழுந்தால் உயிர் போகும். தூங்கும் அறையிலிருந்து விலக்கி நெல்லுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்று படுவான்கரையில் எந்த விவசாயியும் சொல்வார். எந்த மாதிரி வரைபடத்தில் அது இருக்கிறது?

செலவும் இரு கரைக்கும் ஒன்றல்ல. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்குச் சீமெந்தும் கம்பியும் ‘பாதை’ என்று இங்கே சொல்லும் ஓடத்தில் ஏறி வந்தன, அல்லது சுற்றுவழியில் வந்தன. ஒரே மானியத் தொகை எழுவான்கரையில் கூரைவரை போனால் படுவான்கரையில் லிண்டல் மட்டத்தில் நின்றது.

மானியமும் கடனும்

சுனாமிக்குப் பிறகு முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா, பகுதிச் சேதத்துக்கு 100,000 ரூபா என்று சொந்தக் காணிக்காரருக்குக் கொடுக்கப்பட்டது. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டம் வடக்கு, கிழக்கு, மலையகத்துக்கென 50,000 வீடுகள். வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. பயனாளியே கட்டவேண்டும், பணம் கட்டம் கட்டமாக வரும். கொந்தறாத்துக்காரன் கட்டிக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை. அத்திவாரத்தைத் தன் தேவைக்குப் போட முடிந்தது. அங்கேதான் பல குடும்பங்கள் மகளை நினைத்தன. இன்னொரு அறை, கொஞ்சம் அகலமான விறாந்தை என்று அத்திவாரத்தைப் பெருப்பித்தார்கள். பணம் பாதியில் நின்றது. நகை அடைவுக்குப் போனது, பிறகு வாரக் கட்டுப்பணக் கடன். நுண்கடன் வாங்கிய பெண்கள் வட்டியில் மாட்டி, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்குட்பட்ட கடன்களை அரசாங்கமே இரத்துச் செய்யவேண்டி வந்தது. அந்தக் கடன்களில் வீட்டை முடிக்க வாங்கியவையும் இருந்தன. திட்ட அறிக்கைகளில் அது ‘பயனாளியின் பங்களிப்பு’. வீட்டுத் தேவையைச் சரியாக அளந்திருந்தால் அந்த அறைக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கலாம். அல்லது பிறகு சேர்க்கும்படி அத்திவாரத்தையும் சுவரையும் வரைந்து கொடுத்திருக்கலாம்.

2016இல் வந்த 65,000 உருக்கு வீட்டுத் திட்டம் இதற்கு நேர் எதிர்த் துருவம். ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் பொருத்து வீடு, ஒன்றுக்கு 21 இலட்சம் ரூபா அளவில். ஒரு கல்வீட்டை அதன் பாதி விலைக்குக் கட்டலாம் என்று பொறியியலாளர்களும் சமூக ஆர்வலர்களும் கணக்குக் காட்டினார்கள். வெக்கை, விறகடுப்பு, ஆயுள், ஊர் மேசன்மாருக்கு வேலை இல்லாமை என்று குறைகளை அடுக்கினார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது ஒன்று: உருக்கு வீட்டோடு இன்னொரு அறையை ஊர் மேசன் இலகுவில் சேர்க்க முடியாது. மகளோடு வளர முடியாத வீடு மட்டக்களப்பில் வீடே அல்ல. எதிர்ப்புக்குப் பின் அத்திட்டம் கைவிடப்பட்டது நல்லதாயிற்று.

பார்க்கப்போனால் இந்தத் தீவில் 1984இல் பிரேமதாச தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் ஒரு நல்ல பாடத்தைச் சொல்லியிருந்தது. அரசாங்கம் குறைவாகத் தலையிட்டு அதிகமாகக் கைகொடுக்கட்டும், என்ன கட்டுவது என்பதைக் குடும்பம் முடிவு செய்யட்டும் என்பது அதன் அடிப்படை. கூரை மட்டும் வேண்டியவர் கூரைக்குக் கடன் வாங்கலாம். உலகமே அதைக் கவனித்தது. போர் மூண்ட கிழக்கில் அது காலூன்ற முடியாமல் போனது நம் துரதிர்ஷ்டம்.

அளக்கும் முறையில் நாம் மட்டும் தடுமாறவில்லை. தமிழ்நாட்டில் 2030க்குள் 8 இலட்சம் வீடு கட்டிக் குடிசையில்லா மாநிலமாக்குவோம் என்று கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் தொடங்கியது. அங்கேயும் தொடக்கப்புள்ளி குடிசையை எண்ணுவதுதான். கல்வீட்டுக்குள் நெருக்கிக்கொண்டிருக்கும் மூன்று குடும்பம் அந்தக் கணக்கில் எப்படி வரும்? இங்கிலாந்தின் சிற்றூர்களில் வீட்டுத் தேவைக் கணக்கெடுப்பு செய்யும்போது, இந்த வீட்டில் உள்ளவர்களில் அடுத்த ஐந்து ஆண்டுக்குள் யாருக்குத் தனி வீடு தேவைப்படும் என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்பது வழக்கம். இன்று வீடில்லாதவர்களோடு, நாளை வெளியே வரவேண்டியவர்களையும் எண்ணுகிறார்கள். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமே இல்லாத நாட்டுக்காரர் கேட்கும் கேள்வியை, அந்த வழக்கத்திலேயே வாழும் நாம் கேட்காமலிருப்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

எதைக் கேட்க வேண்டும்

மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் வளவு வளவாகப் போய்க் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். குடும்பத்தை அலகாக வைக்காமல் வளவை அலகாக வைத்தால் பாதிக் குழப்பம் தீரும். வளவில் எத்தனை பெண் பிள்ளைகள், வயது என்ன, யாருக்குக் கொடுத்தாயிற்று, யாருக்கு இன்னும் இல்லை, மண் யார் பேரில், பேர்மிற்றா உறுதியா வாய்ப்பேச்சா, மாரியில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, நெல் எங்கே, வலை எங்கே, கிணறு எங்கே. இவற்றைப் பகலில் வீட்டிலிருக்கும் தாயிடம் கேட்கவேண்டும். குடும்பத் தலைவர் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனால் பதில் சொல்ல அவர் வெளிநாட்டிலோ கடலிலோ இருப்பார்.

கொட்டிலுக்கு ஒதுங்கிய தாய் தகப்பனைத் தனியாக எழுதவேண்டும். கடைசி மகளுக்கும் கொடுத்தபின் அவர்களுக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. எந்த மகளோடு இருப்பது என்பது மருமகனின் முகத்தைப் பொறுத்தது. வீட்டுத் திட்டங்களின் புள்ளி முறைகளில் அவர்கள் தனிக் குடும்பமாக வருவது அரிது. வந்தாலும் பிள்ளை இல்லாத வீடு என்று கீழே போவார்கள். மகள் வளவிலேயே ஒரு அறையும் குசினியும் கொண்ட சின்ன வீட்டுக்கு மானியம் கொடுத்தால் போதும். முழு வீட்டின் செலவு அதற்கு ஆகாது.

காணிச் சட்டத் திருத்தம் ஊருக்கு வந்து சேரவேண்டும். 2022க்குப் பிறகு, உரித்தாளர் பேர் எழுதாமல் பேர்மிற்காரர் இறந்தாலும் ஆண் வாரிசுகளுக்கு முன்னுரிமை இல்லை என்பது படுவான்கரைத் தாய்மார் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரதேச செயலகங்கள் காணிக்கென்று நடமாடும் சேவை நடத்துகின்றன. வெல்லாவெளியிலோ வவுணதீவிலோ அடுத்த நடமாடும் சேவைக்குப் போகும் உத்தியோகத்தர்கள், இறந்துபோன தாத்தாவின் பேரிலுள்ள பேர்மிற்றுகளை முதலில் கேட்டு வாங்கட்டும். உரித்தாளர் பேர் எழுதும் இடத்தில் யார் பேரை எழுதவேண்டும் என்று பாட்டியிடமே கேட்கட்டும். ஒரு கிராம சேவகர் பிரிவை எடுத்து, இந்த மாரிக்குள், இருக்கும் ஆள்களை வைத்தே வளவுக் கணக்கைச் செய்து பார்க்கலாம். அதற்கு வெளிநாட்டு நிதி வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். இப்போதுள்ள படிவத்தின் பின்பக்கத்திலேயே எழுத இடம் இருக்கிறது.